பத்தரை மணிக்கு நின்றுபோன கம்பைலர்

நவமணிக்கு வாய்க்கொழுப்பு என்று பீடோங்கில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பாதிப் பேர் அவளிடம் நேராகவே வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், அதனால் வாயைத் திறப்பதில்லை. உண்மையில் அவள் யாரையும் வலியப் போய் வம்புக்கு இழுக்கிறவள் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எவனாவது பேசினால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மாதிரி ஆட்களுக்கு எந்த ஊரில்தான் பஞ்சம், சொல்லுங்கள்.

பீடோங்கை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்றில் பிறந்தவள். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, தோட்டத்து முச்சந்திக்கு வரும் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிச் சுங்கைப் பட்டாணிக்கு வேலைக்குப் போனாள். கணினிக்கு டிஸ்க் செய்கிற ஆலை அது. சோதனைப் பிரிவில் உட்கார வைத்தார்கள். இருபத்து நான்கு வருஷம் அதே பிரிவு, அதே மாதிரி நாற்காலி.

அங்கே சோதனை மெஷின்கள் எல்லாம் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடின. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எழுத்து சிவப்பானால் எங்கேயோ வேலை முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். சிவப்பைப் பார்த்ததும் மற்றப் பெண்கள் டெக்னிஷனைக் கூப்பிட்டுவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நேற்று ராத்திரி நாடகத்தில் மாமியார் என்ன சொன்னாள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். டெக்னிஷன் ஆடி அசைந்து வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தில் நவமணி திரையில் இருப்பதைப் படித்தாள். முதல் வருஷம் ஒரு எழவும் புரியவில்லை. இரண்டாவது வருஷம் ஒரு சங்கதி பிடிபட்டது. திரையின் கடைசி இரண்டு வரியில் மெஷின் என்ன சொல்கிறதோ, வருகிற டெக்னிஷன் அதைத்தான் அப்படியே அடித்துவிட்டுப் போகிறான். இதற்கா இவனுக்குத் தனி அறை, தனிச் சட்டை என்று அன்றைக்கு அவளுக்கு வந்த கடுப்பு இன்றைக்கு வரை ஆறவில்லை.

அந்தப் பிரிவை ஒரு நாள் மூடினார்கள். ஆலை வேறு நாட்டுக்குப் போயிற்று, ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பீடோங்கில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்தாள். வருகிறவர்கள் நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போவார்கள். இவள் வாய்க்கு அந்தக் கடையில் இரண்டு வருஷம் நிலைத்ததே பெரிய காரியம்.

அப்போதுதான் ஊர்த் தமிழர் சங்கத்தின் விளம்பரம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஆறு மாத இலவசக் கணினிப் பயிற்சி. கடைசியில் கூலிமில் இருக்கிற ஓர் ஆலையிலிருந்து பொறியாளர் ஒருவர் நேரில் வந்து சோதனை வைப்பார், தேறினால் டெக்னிஷன் வேலை. வயது வரம்பு நாற்பத்தைந்து. நவமணிக்கு அப்போது நாற்பத்து நான்கு. பயிற்சி முடிந்த அடுத்த மாதமே நாற்பத்தைந்து முடிந்துவிடும், ஆக இந்த ஒரு சோதனையை விட்டால் ஆயுசுக்கும் சேலை மடிப்புத்தான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டும் அவள் புருஷன் நடராஜா, இந்த வயசில் இனிமேல் படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்டார். மூன்று தடவை எழுதி மூன்றாவது தடவைதான் உங்களுக்கு லோரி லைசென்ஸ் கிடைத்தது, என் கதையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவள் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சங்கத் தலைவர் தயாளனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீடோங்கில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர்தான், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக நிற்பார். ஆனால் நாட்காட்டியில் நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். கடைக்கு ஆணி மூட்டை வந்து இறங்கினால்கூட, ராகு காலம் போகிற வரைக்கும் லோரியை வெளியிலேயே நிறுத்தி வைப்பார். பயிற்சிக்கு அவர் அடித்த பேனரில் அவர் முகம் பெரிதாகவும் கணினி அதற்குக் கீழே தீப்பெட்டி அளவிலும் இருந்தது.

ஆசிரியன் சசிதரன். முப்பது வயது, கோலாலம்பூரில் படித்தவன், கையில் இரண்டு போன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. எதையும் படிக்க மாட்டான், அவ்வளவுதான். திரையில் என்ன பெட்டி வந்தாலும், என்ன கேள்வி வந்தாலும், ஈ ஓட்டுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டி 'யெஸ்' கொடுத்து அனுப்பிவிடுவான். ஆறு மாதமும் பிள்ளைகளுக்கு சி என்கிற நிரல் மொழியை இணையப் பக்கம் ஒன்றிலேயே சொல்லிக்கொடுத்தான். நிரலை அங்கே ஒட்டினால் அந்தப் பக்கமே அதை ஓட்டிக் காட்டிவிடும். அதனால் பயிற்சி அறையில் இருந்த எட்டு மெஷினிலும் லினக்ஸ் இருந்ததே தவிர, எழுதிய நிரலை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற கம்பைலர் ஒன்றில்கூட இல்லை. சோதனை அன்று இணையம் கிடையாது, மெஷினிலேயே கம்பைலர் இருக்க வேண்டும் என்று கூலிமிலிருந்து இரண்டு மாதத்துக்கு முன்பே கடிதம் வந்திருந்தது. கடிதத்தை யார் படித்தது? சோதனைக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமைதான் சசிதரன் துரைக்கு ஞாபகம் வந்தது.

கம்பைலர் போடுவதையும் தயாளன் ஒரு விசேஷமாக்கிவிட்டார். எட்டுத் திரைக்கும் குங்குமம், வாசலில் தேங்காய், சூடம். பத்து மணி சுமாருக்குச் சசிதரன் எட்டு மெஷினிலும் ஒரே வரியை அடித்தான். நவமணி எட்டிப் பார்த்தாள். சரியான வரிதான், அதை அவளே ஒப்புக்கொண்டாள். இணையத்தில் இருக்கிற லினக்ஸின் சொந்தக் கிடங்கிலிருந்து, அந்தப் பதிப்புக்குப் பொருத்தமான கம்பைலரையும் அதற்கு வேண்டிய துணைப் பேக்கேஜ்களையும் ஒட்டுமொத்தமாக எடுத்து வந்து, எது முதலில் எது பிறகு என்று தானே வரிசை பார்த்துப் போட்டுக்கொள்கிற ஏற்பாடு அது. ஒருவரும் கை வைக்காமல் சிவனே என்று விட்டிருந்தால் பதினோரு மணிக்குள் முடிந்திருக்கும்.

பீடோங் இணைய லைன் நொண்டிக்கொண்டே வந்தது. பத்து இருபத்தைந்துக்கு எல்லாப் பேக்கேஜும் இறங்கி முடிந்து, ஒவ்வொன்றாகப் பிரிந்து உள்ளே போக ஆரம்பித்தது. அப்போது தயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். புதுச் சாமான் எதுவும் ராகு காலத்தில் உள்ளே ஏறக்கூடாது, நிறுத்திவிட்டுப் பன்னிரண்டுக்கு மேல் மீதியை ஏற்றலாம் என்றார். தெரிந்தவன் ஒருத்தன் அங்கே இருந்திருந்தால் அந்த இடத்தில் தடுத்திருக்க வேண்டும். சசிதரன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், ஓக்கே லா பாஸ், ஒரு பிரச்சினையும் இல்லை என்றான்.

நவமணிதான் எழுந்து நின்றாள். ஏறத் தொடங்கியது ராகு காலத்துக்கு முன்னாடிதானே, பாதி உள்ளே பாதி வெளியே கிடக்கிறது, இப்போது கரண்டை நிறுத்தினால் அந்தரத்தில் நின்றுவிடும் என்று சொன்னாள். தயாளன், உட்கார் தாயி, நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சுவர்ப் பக்கம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். எட்டுத் திரையும் குங்குமத்தோடு இருண்டன. அவர் முகத்தில் ஒரு பெரிய ஆபத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்றிய நிம்மதி.

பன்னிரண்டுக்கு மேல் மெஷின்கள் எழுந்தன. சசிதரன் பழைய வரியை மறுபடி அடித்தான். மெஷின் மறுத்தது. சும்மா மறுக்கவில்லை, பாவம், காரணத்தையும் வழியையும் சேர்த்தே சொன்னது. போன வேலை பாதியில் நின்றுவிட்டது, முதலில் இந்த வரியை அடித்து அதை முடித்துக்கொள் என்று அடிக்க வேண்டிய வரியையே எழுத்துக்கு எழுத்து எழுதிக் காட்டியது. குழந்தைக்குச் சோற்றைப் பிசைந்து வாயருகில் கொண்டுபோவதுகூட இவ்வளவு சுலபமாக இருக்காது. சசிதரன் அதைப் படித்தானா? மெஷின் கோளாறு பண்ணுகிறது என்று போனில் தேடப் போய்விட்டான். யாரோ எங்கேயோ எழுதியிருந்ததைப் பார்த்து, இரண்டு வேலை ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்கிற பூட்டுக் கோப்பு ஒன்றை அழித்தான். மெஷின் அதே வரியைத் திரும்பக் காட்டியது. கடைசியில் தன் மடிக்கணினியில் இருந்த கம்பைலர் கோப்பு ஒன்றை மட்டும் பென்டிரைவில் எடுத்து எட்டு மெஷினிலும் கொண்டுபோய் வைத்தான். பிறகு கம்பைலரின் பதிப்பு எண் என்ன என்று கேட்டான். எண் வந்தது. சியாப், எல்லாம் தயார் என்றான். வேலை முடிந்தது என்று தயாளன் கைதட்டினார்.

நவமணி மூன்று வரியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கம்பைலரிடம் கொடுத்துப் பார்த்தாள். எதிர்பார்த்தபடியே மெஷின் கையை விரித்தது. கூடச் சேர்ந்து வேலை செய்கிற துணைக் கோப்புகள் அந்தரத்தில் நிற்கும்போது அந்த ஒரு கோப்பு மட்டும் என்ன செய்யும்? சசிதரனிடம் போய்ச் சொன்னாள்.

"வர்ஷன் நம்பர் காட்டுது பாருங்க அக்கா. நீங்க போயி எல்லாருக்கும் தே தண்ணி கலக்குங்க லா," என்றான்.

"நம்பர் பிளேட்டு மாட்டிட்டா காடி ஓடிடுமா சார்?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு மூக்கு சிவந்தது. வகுப்பு முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று அறையைப் பூட்டினான். சாவி தயாளன் சட்டைப் பைக்குப் போயிற்று. மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நவமணி மெஷின் காட்டிய அந்த வரியையே முணுமுணுத்துக்கொண்டு போனாள். கையில் பத்து நிமிஷம் கொடுத்தால் சரிசெய்து முடிக்கிற வேலை அது.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கெல்லாம் கூலிமிலிருந்து பிரேமலா வந்துவிட்டார். மெலிந்த உருவம், அதிகம் பேசாத பொறியாளர். ஒன்பது மணிக்குச் சோதனை, பன்னிரண்டரைக்குள் கிளம்ப வேண்டும் என்று வந்ததுமே சொன்னார். சனிக்கிழமை ஒன்பதுக்கு என்ன என்று உங்களுக்கே தெரியும். ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு. தயாளன் அவரைத் தோசை சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார், வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல. திரும்பி வந்தும் கதவைத் திறக்கவில்லை. பயிற்சிக்கு வந்த எட்டுப் பேரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். நவமணி இரண்டு தடவை போய்ச் சாவி கேட்டாள். உள்ளே மெஷின் சரியில்லை, சோதனையை அப்புறம் வையுங்கள், என்னை மட்டும் பத்து நிமிஷம் உள்ளே விடுங்கள் என்று கேட்டாள். சார் பார்த்து முடித்த வேலையில் நீ கை வைக்காதே, உன் வாழ்க்கை விஷயம், ராகு காலத்தில் திறந்து கெடுத்துக்கொள்ளாதே என்று அவர் புத்தி சொன்னார்.

"என் வாழ்க்கை ராகுகிட்ட இல்லைங்க. உங்க சட்டைப் பையில இருக்கு," என்றாள்.

அவர் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டாரே தவிர, சாவியைக் கொடுக்கவில்லை.

பத்து முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. பிரேமலா கேள்வித்தாளைக் கொடுத்தார். ஒரு மெஷினிலிருந்து வருகிற பத்து அளவுகளை வாங்கி, வரம்பைத் தாண்டியவற்றை மட்டும் எழுதிக் காட்டுகிற நிரல். பன்னிரண்டே காலுக்குள் இந்த மெஷினிலேயே ஓட வேண்டும். ஓடினால் தேறியது, ஓடாவிட்டால் இல்லை. எழுதத் தெரியாத கேள்வி இல்லை அது. எல்லாப் பிள்ளைகளும் எழுதினார்கள். கம்பைலரிடம் கொடுத்தார்கள். வரிசையாக எட்டு மெஷினும் பல்லை இளித்தன.

சசிதரன் ஓடி வந்து ஒவ்வொரு மெஷினிலும் பதிப்பு எண்ணைக் கேட்டுக் காட்டினான். எண்ணைப் பார்த்தேன், நிரல் எங்கே என்று பிரேமலா கேட்டார். சசிதரன் வாய் கூசாமல் சொன்னான், "கம்பைலர் சரியாதான் இருக்கு மேடம். இவங்க எழுதினதுதான் தப்பு."

புக்கிட் செலம்பாவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஆறு மாதம் வந்த ஒரு பெண், அதைக் கேட்டதும் தன் நிரலை முதல் வரியிலிருந்து அழித்து எழுதத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, கை எழுதுகிறது. நவமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இவன் படிக்காமல் போனதற்கு அந்தப் பெண் தன்னை முட்டாள் என்று நினைக்க வேண்டுமா?

"அழிக்காத தாயி. நீ எழுதினது சரி," என்றாள் சத்தமாக. அப்புறம் பிரேமலா பக்கம் திரும்பி, என் மெஷினை நானே சரிசெய்துகொள்ளலாமா என்று கேட்டாள். கூடாது என்று விதி இல்லை, ஆனால் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றார் பிரேமலா. தயாளன் குறுக்கே வந்து, சார் பார்த்துக்கொள்வார் என்றார். நவமணி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

முதலில் சசிதரன் கொண்டுவந்து திணித்த கோப்பை அழித்தாள். அது இருக்கிற வரை, சரியான கம்பைலர் உள்ளே வந்தாலும் மெஷின் இதைத்தான் முதலில் கண்டுபிடித்து எடுக்கும். பிறகு நேற்றைக்கு அவன் அடித்த அதே வரியை அடித்தாள். மெஷின் அதே பதிலைச் சொன்னது. அது சொல்லிக்கொடுத்த வரியை எழுத்துப் பிசகாமல் அடித்தாள். நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டது. அதற்கென்ன, கமிட்டிக்காரர்கள் மறந்துவிடுவார்கள் என்று தயாளனே அதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அந்தரத்தில் நின்ற பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. முடிந்ததும் பழைய வரியை மறுபடி கொடுத்தாள். வெள்ளிக்கிழமை இறங்கியவை எல்லாம் உள்ளேயே பத்திரமாகக் கிடந்தன, இணையமே தேவைப்படவில்லை. ஆறு நிமிஷம். மூன்று வரி நிரலைக் கொடுத்துப் பார்த்தாள். ஓடியது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே மற்ற ஏழு பேருக்கும் சொன்னாள். "சார் வச்ச கோப்பை மொதல்ல தூக்கிப் போடுங்க. அப்புறம் பழைய வரியை அடிச்சி, மெஷின் என்னா சொல்லுதுன்னு வாய்விட்டுப் படிங்க. அதையே செய்ங்க. எல்லாருக்கும் கண்ணு இருக்குல்ல?"

படித்தார்கள். வகுப்பு முழுக்க ஒரே வரியை ஏழு குரல் படித்தது. சசிதரனுக்கும் காது இருந்ததால் அவனும் முதல் தடவையாக அதைக் கேட்டான். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தான்.

நவமணியின் நிரல் முதலில் ஓடவில்லை. பதினான்காவது வரியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது, கம்பைலரே வரி எண்ணைச் சொன்னது. பன்னிரண்டு அடிக்கும்போது ஓடியது. பிரேமலா தானே உட்கார்ந்து தாறுமாறான அளவுகளாகக் கொடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தது. எட்டில் ஐந்து பேர் தேறினார்கள், இரண்டு பஸ் மாறி வந்த அந்தப் பெண்ணும் சேர்த்து.

அதற்கு அப்புறம் பார்க்க வேண்டுமே. தயாளன் பொன்னாடை எடுத்துச் சசிதரனுக்குப் போர்த்தினார். ஆறு மாதத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்திய ஆசான் என்றார். அந்த ஆசானும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் குனிந்து கொடுத்தான். பேனருக்கு முன்னால் படம் பிடித்தார்கள். நவமணி சுவரோரம் நின்று அந்தக் கூத்தைப் பார்த்தாள்.

பிரேமலா ஐந்து பேருக்கும் ஒரு ஃபாரம் கொடுத்தார். ஒரு கோளாறை இவர் எப்படிச் சரிசெய்தார் என்று பயிற்சி ஆசிரியர் அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், தலைவர் முத்திரை குத்த வேண்டும், கையோடு கொண்டுபோக வேண்டும். படம் பிடிக்கிற அவசரத்தில் சசிதரன் நவமணியிடம், உங்களுடையதை நீங்களே அடித்துவிடுங்கள், நான் சைன் பண்ணிக் கொடுக்கிறேன் என்றான்.

அவள் உட்கார்ந்து மலாயில் அடித்தாள். பத்து நிமிஷத்தில் அச்செடுத்துக்கொண்டு போய் நீட்டினாள்.

"படிச்சிட்டுப் போடுங்க சார்."

"உங்களத் தெரியாதா அக்கா," என்று பொன்னாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டான். இன்னொரு தடவை சொன்னாள், ஒரு தடவை பாருங்கள் சார் என்று. அதற்குள் தயாளன் தாளை வாங்கி முத்திரையைக் குத்தி முடித்துவிட்டார்.

பிரேமலா காடிக்குப் போகிற வழியில் நின்றுகொண்டே அதைப் படித்தார். அதில் சசிதரனே சொல்கிற மாதிரி இப்படி எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து இருபத்தொன்பதுக்கு, பேக்கேஜ்கள் பாதி ஏறியிருந்தபோது, ராகு காலம் என்பதற்காகத் தலைவர் மின்சாரத்தை நிறுத்தினார். அதைச் சரிசெய்யும் வழியை மெஷின் திரையில் எழுதிக் காட்டியும் ஆசிரியராகிய நான் அதைப் படிக்கவில்லை. பொருந்தாத கோப்பு ஒன்றை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொன்னேன். மறுநாள் மாணவர்கள்மேல் பழி போட்டேன். நவமணி திரையில் இருந்ததைப் படித்து, ஆறு நிமிடத்தில் சரிசெய்தார். கீழே சசிதரனின் கையெழுத்து, தயாளனின் முத்திரை.

பிரேமலா இரண்டாம் தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து, வழியனுப்ப வந்து நின்ற சசிதரனைப் பார்த்தார்.

"இதில எழுதியிருக்கிறது எல்லாம் உண்மைதானா?"

"நூத்துக்கு நூறு உண்மை மேடம்," என்றான் சசிதரன். "நானே பக்கத்துல இருந்து பார்த்தேன்."

பக்கத்தில் நின்ற தயாளனும் ஆமாம் என்று தலையாட்டினார். பிரேமலா தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கூலிமுக்கு வந்துவிடுங்கள் என்று நவமணியிடம் சொல்லிவிட்டுக் காடியில் ஏறினார்.